ரத்தச் சீட்டில் பசி தெரியாது

"ஆல்புமின் 3.8 இருக்கும்மா. சத்தெல்லாம் நல்லாவே இருக்கு, கவலைப்படாதீங்க."

இடுப்பெலும்பு முறிந்த என் அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் காலை, ரவுண்ட்ஸ் வந்த இளம் மருத்துவர் சொன்னது இது. அன்பாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு அப்போது 78 வயது. கட்டிலில் கிடந்தவளின் ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் பொங்கலுக்குத் தைத்த ரவிக்கை அது. கை இறுக்குகிறது என்று சொல்லி, தையற்காரரிடம் திருப்பிக் கொடுத்துப் பிரித்துத் தைத்து வாங்கியவள் அம்மா. அந்தத் தொளதொளப்பை மருத்துவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 3.8 என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கும் மனசு நிம்மதியாகிவிட்டது.

அந்த நிம்மதி தவறானது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வார்டுகளில் இரண்டு நம்பிக்கைகள் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று, நோயாளியின் வீட்டாருடையது: "வயசானா இளைக்கத்தானே செய்யும்." இன்னொன்று மருத்துவர்களுடையது, எங்களைப் போன்ற நர்ஸ்களுடையதும்கூட: சத்துக் குறைவு இருந்தால் ரத்தத்தில் தெரிந்துவிடும். வீட்டார் இளைத்ததைப் பார்க்கிறார்கள், ஆனால் அது இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், நோயாளியின் கையையும் காலையும் தொட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு முதியவர் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கிறார்.

முதலில் அந்த ஆல்புமினைப் பார்த்துவிடுவோம். கல்லீரல் உற்பத்தி செய்து ரத்தத்தில் விடும் புரதம் அது. ஒருமுறை ரத்தத்துக்கு வந்தால் அதில் பாதி அழிவதற்கே ஏறக்குறைய 20 நாளாகும். இன்றைக்குச் சாப்பாட்டை நிறுத்தியவருக்கு அடுத்த வாரம் ரத்தம் எடுத்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது. பட்டினி நீண்டாலும் உடம்பு தசையைக் கரைத்தாவது ரத்தத்திலிருக்கும் ஆல்புமினைக் காப்பாற்றப் பார்க்கும். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, 24 வாரம் அரைவயிறாக வைத்து ஆராய்ந்தார். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. விலா எலும்பு எண்ணுமளவுக்கு ஆனார்கள். ஆல்புமின் கொஞ்சம்தான் இறங்கியது. உணவை வெறுக்கும் மனநோயால் எலும்பும் தோலுமாகிப்போன இளம்பெண்களுக்கும் பல சமயம் ஆல்புமின் சரியாகவே இருக்கும்.

இதைத் திருப்பிப் பாருங்கள். வயிறார உண்டு நன்றாக இருக்கும் ஒருவருக்கு நிமோனியா வந்தாலோ, பெரிய ஆபரேஷன் நடந்தாலோ ஒன்றிரண்டு நாளில் ஆல்புமின் சரியும். உடம்பில் அழற்சி எழுந்ததும் கல்லீரல் ஆல்புமினைக் குறைத்துக்கொண்டு, நோயோடு மல்லுக்கட்டும் வேறு புரதங்களைச் செய்யத் தொடங்கும். இருக்கிற ஆல்புமினும் ரத்தக்குழாயிலிருந்து வெளியே கசியும். ஆக அந்த எண் நோயின் கடுமையைச் சொல்கிறது. தட்டில் என்ன இருந்தது, வயிற்றுக்குள் எவ்வளவு போயிற்று என்பது அதற்குத் தெரியாது. அமெரிக்காவின் ஊட்டச்சத்து மருத்துவச் சங்கமான ஆஸ்பென், ஆல்புமினையும் பிரீ-ஆல்புமினையும் சத்துநிலையின் அளவுகோலாக வைக்கக் கூடாது என்று 2020-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

"ஆல்புமின் குறைந்தவர்கள்தானே அதிகம் இறக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. இந்த நம்பிக்கை பல பத்தாண்டுகள் நிலைத்ததே அதனால்தான். ஆனால் கடுமையான நோயாளிகள் அதிகம் இறப்பார்கள், கடுமையான நோயாளிகளுக்கு ஆல்புமின் குறையும். அவ்வளவுதான் அதில் இருக்கும் உறவு. காய்ச்சல் அதிகமானவருக்கு ஆபத்து அதிகம் என்பதற்காகத் தெர்மாமீட்டரை வைத்து யாரும் சாப்பாட்டை அளப்பதில்லை.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். அவளுடைய ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை, நள்ளிரவிலிருந்து வெறும் வயிறு. மதியம் இரண்டு மணிக்கு வந்து, "இன்னிக்குத் தியேட்டர் கிடைக்கல, நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார்கள். மறுநாளும் அதேபோல் வெறும் வயிறு. இந்த முறை ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுத்த மருந்தைக் காரணம் சொன்னார்கள். மூன்றாம் முறை நடந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஆல்புமின் 2.7.

"புரோட்டீன் இறங்கிப்போச்சு. ஆல்புமின் ஏத்திடலாம்" என்றார்கள். முதல் பாட்டிலுக்குப் பணம் கட்டினேன். 100 மில்லி பாட்டில், 20 சதவீதம். அதாவது அதற்குள் 20 கிராம் புரதம். விலை ஆயிரக்கணக்கில். மூன்று கோழிமுட்டையில் 18 கிராம் இருக்கிறது. முட்டைப் புரதமாவது செரித்துத் தசைக்குப் போகும். ஊசி வழியாக ஏற்றிய ஆல்புமின் மெல்ல மெல்ல அழிந்து உடம்புக்குப் பயன்பட வாரங்கள் ஆகும். ஆல்புமின் ஏற்ற வேண்டிய நோய்கள் இருக்கின்றன, கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குச் சில நேரம் அது உயிர் காக்கும். சத்துக் குறைவுக்கு அது மருந்தல்ல. முதலில் வந்த 3.8 என்ற எண், இல்லாத நலத்தைக் காட்டி ஏமாற்றியது. ஒன்பதாம் நாள் 2.7 என்ற எண் ஆபரேஷன் அழற்சியைக் காட்டியது, நாங்கள் அதைப் பசி என்று படித்தோம். ஒரே சோதனை இரண்டு முறையும் எங்களைத் தவறான பக்கம் திருப்பியது.

அன்று சாயங்காலம் அண்ணி வந்தாள். கூடையை வைத்துவிட்டு, "அத்தையோட பல் செட்டு எங்க வீட்டு சில்வர் டப்பாவுல இருக்கே, இங்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

முதல் முறை தியேட்டருக்குத் தயார்படுத்தியபோது கழற்றிக் கொடுத்த பல் செட். தொலைந்துவிடப் போகிறது என்று பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறாள். அதிலிருந்து ஏழு நாளாக அம்மா கஞ்சியிலும் கரைத்த ரசம் சாதத்திலும் இருந்தாள். இட்லி கொடுத்தால் "பசிக்கல" என்று தள்ளிவிடுவாள். ஆள் வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பொக்கை வாயோடு பிறர் முன் பேசக் கூச்சம். நான் அதை வலி என்று நினைத்தேன். ஒன்பது நாளில் அவளைப் பார்த்த மருத்துவர்கள், நர்ஸ்கள், பிசியோதெரபிஸ்ட், நான், எல்லோருமாகப் பத்துப் பேருக்கு மேல் இருப்போம். "ஏன் சாப்பிடல, மெல்ல முடியலையா?" என்று ஒருவர்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டிலின் காலடியில் ஒரு சார்ட் தொங்கியது. இன்டேக்-அவுட்புட் சார்ட். நானே என் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். டிரிப்ஸ் எத்தனை மில்லி ஏறியது, சிறுநீர் எத்தனை மில்லி இறங்கியது, எல்லாம் மணிவாரியாக இருக்கும். சாப்பாட்டுக்கு எதிரே "ஓரல் டயட்" என்ற இரண்டே சொற்கள். இட்லி எத்தனை, பாதித் தட்டா, முழுத் தட்டா, தொடாமலே திரும்பியதா, ஒன்றும் இருக்காது. தட்டு திரும்பிப் போவதைக் கண்ணால் பார்ப்பவர் சமையற்கூடத்து ஊழியர் ஒருவர்தான். அவருக்கு எல்லாம் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. ஏராளமான உணவுக்கு நடுவே நோயாளிகள் பட்டினி கிடக்கிறார்கள், அதைக் கவனிப்பதே நர்ஸின் வேலை என்று 1859-லேயே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிவிட்டார். 1974-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த், ஆஸ்பத்திரியின் அலமாரிக்குள் ஒளித்து வைத்த எலும்புக்கூடு என்று இதற்குப் பெயரிட்டார். 1994-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் 500 நோயாளிகளைச் சேர்க்கும்போதே அளந்து பார்த்தார்கள். 200 பேர் சத்துக் குறைந்தவர்கள். அந்த 200 பேரில் 96 பேருக்கு மட்டுமே சத்து பற்றிய ஏதோ ஒரு குறிப்பு கேஸ் ஷீட்டில் இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மறுபடி எடை பார்த்த 112 பேர் சராசரியாக 5.4 சதவீத எடையை இழந்திருந்தார்கள். நோயைக் குணப்படுத்த வந்த இடத்தில் இழந்த எடை அது.

"வயசானா இளைக்கத்தானே செய்யும்" என்பதற்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன், ஏனென்றால் இது பாசத்தின் குரலில் வருகிறது. வயதோடு தசை குறைவது உண்மை. அது வருடக்கணக்கில், மெதுவாக நடப்பது. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ போவது வயது அல்ல. அதற்குப் பின்னால் பெயருள்ள ஒரு காரணம் இருக்கும். ஈறு சுருங்கிப் பல் செட் ஆடும். விழுங்கும்போது புரையேறும். தைராய்டு, காசநோய், புற்றுநோய் இருக்கலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் பசியை அடைக்கும். மனச்சோர்வு இருக்கலாம். அம்மாவுக்கு இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்தது அதற்கு முந்தைய டிசம்பரில். தனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிறவள் குழம்பு வைப்பதில்லை. காலையில் வடித்த சாதத்தில் மோரை ஊற்றி இரண்டு வேளையை ஓட்டுகிறாள். போனில் கேட்டால் "சாப்பிட்டேன்டி" என்பாள். பொய்யும் இல்லை.

அவளுடைய பைக்குள் இதற்கெல்லாம் சாட்சி இருந்தது. பி.பி. மாத்திரை வாங்கும் நோட்டுப் புத்தகம். ஜனவரியில் எடை 51. ஏப்ரலில் 46. இரண்டும் ஒரே பக்கத்தில், நான்கு வரி இடைவெளியில். எழுதியவர் கையெழுத்து அழகாக இருந்தது. இரண்டு எண்ணையும் கழித்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாக இறங்கி, அதோடு சாப்பாடும் குறைந்திருந்தாலோ உடம்பில் நோய் அழற்சி இருந்தாலோ, அது சத்துக் குறைவு நோய் என்று உலகின் ஊட்டச்சத்து மருத்துவச் சங்கங்கள் கூடி 2019-ல் வெளியிட்ட 'கிளிம்' வரையறை சொல்கிறது. அம்மாவுக்கு இறங்கியது ஏறக்குறைய 10 சதவீதம். எலும்பு முறிவதற்கு முன்பே அவள் நோயாளி. அவள் விழுந்ததற்கே அந்த மெலிவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

பிறகு எப்படித்தான் அறிவது? பதில் மிகவும் எளிது, அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. 1990-களில் பிரான்சின் துலூஸ் நகரத்து முதியோர் மருத்துவர் புரூனோ வெல்லாஸும் அவருடைய கூட்டாளிகளும் முதியவர்களுக்கென்றே ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். 'மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட்' என்று பெயர். அதன் சுருக்க வடிவத்தில் ஆறே கேள்விகள், மொத்தம் 14 மதிப்பெண். மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா? எடை குறைந்ததா, எவ்வளவு? எழுந்து நடமாடுகிறாரா? இந்த மூன்று மாதத்தில் கடும் நோயோ மனத்துயரமோ உண்டா? மறதி நோயோ மனச்சோர்வோ இருக்கிறதா? உயரத்துக்கேற்ற எடை எவ்வளவு? 12-ம் அதற்கு மேலும் என்றால் நலம். 8 முதல் 11 வரை ஆபத்து. 7-ம் அதற்குக் கீழும் என்றால் சத்துக் குறைவு. எடை பார்க்க வழியே இல்லையென்றால் கெண்டைக்கால் சுற்றளவை டேப்பால் அளக்கலாம். 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். கூன் விழுந்து நிமிர முடியாதவருக்கு முழங்கால் உயரத்தை அளந்து மொத்த உயரத்தைக் கணக்கிடச் சூத்திரம் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ரத்தம் எடுத்து ரிப்போர்ட் வரவே அதைவிட நேரமாகும்.

பின்னொரு நாள் வீட்டில் உட்கார்ந்து, அந்த ஆறு கேள்விகளை அம்மாவைச் சேர்த்த மறுநாளுக்குப் போட்டுப் பார்த்தேன். 14-க்கு 4. ஆல்புமின் 3.8 என்று நாங்கள் மகிழ்ந்த அதே காலையில்.

இந்தக் கேள்வித்தாளை உருவாக்கியதில் நெஸ்லே ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லி, "இது புரோட்டீன் பவுடர் விற்கும் வேலை" என்று சில மருத்துவர்கள் ஒதுக்குகிறார்கள். சந்தேகம் நியாயமானது. பவுடர் டப்பாவைச் சீட்டில் எழுதுவதை நானும் வெறுக்கிறேன். ஆனால் எடை பார்ப்பதில் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. அந்தத் தாள் பிடிக்கவில்லையென்றால் பிரிட்டனின் 'மஸ்ட்' இருக்கிறது, 'என்.ஆர்.எஸ். 2002' இருக்கிறது. எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான்: எடை எவ்வளவு, எவ்வளவு குறைந்தது, என்ன சாப்பிடுகிறார், நோய் எவ்வளவு கடுமை. பெயர் எதுவாக இருந்தால் என்ன, கேளுங்கள்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. "கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? நோய் முற்றிய கிழவருக்குச் சோறு போட்டால் பிழைத்துவிடுவாரா?" இதற்கு ஊகமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில், சத்துக் குறையும் ஆபத்திலிருந்த 2,088 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பெரும்பாலும் எழுபதை ஒட்டியவர்கள். ஒரு பாதிக்கு வழக்கமான ஆஸ்பத்திரிச் சாப்பாடு. மறு பாதிக்கு, ஆளுக்கு எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் என்று கணக்கிட்டு, அது உள்ளே போகிறதா என்று கவனித்துக் கொடுத்தார்கள். 2019-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. 30 நாளில் இறந்தவர்கள் வழக்கமான சாப்பாட்டுப் பிரிவில் 100 பேர், கவனித்துக் கொடுத்த பிரிவில் 73 பேர். இந்த அளவுக்குப் பலன் தரும் ஒரு மாத்திரை வந்திருந்தால் எத்தனை மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் வார்டு வாசலில் நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கதை வேண்டாமென்றால் நம் தமிழ்நாட்டையே பார்க்கலாம். 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் ஒவ்வொருவரிடமும் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா. மிகவும் மெலிந்தவரைத் தாமதிக்காமல் உள்நோயாளியாகச் சேர்த்துச் சத்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதற்கு எந்தப் பெரிய லேப்பும் வேண்டியிருக்கவில்லை. எடைக்கருவியும், அதில் வரும் எண்ணைப் பொருட்படுத்தும் ஒரு மனிதரும் போதுமாயிருந்தது. காசநோயாளிக்குச் செய்ய முடிந்ததை இடுப்பொடிந்த பாட்டிக்கு ஏன் செய்ய முடியாது?

அங்கன்வாடியில் குழந்தைக்கு மாதாமாதம் எடை பார்த்து வரைபடத்தில் புள்ளி வைக்கிறோம். மேல்கையில் மூன்று நிற நாடாவைச் சுற்றி, சிவப்பில் வந்தால் பதறுகிறோம். அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவின் கை அந்த நாடாவைக் கண்டதே இல்லை.

தொப்பையுள்ளவருக்குச் சத்துக் குறையாது என்ற நினைப்பும் இதோடு சேர்ந்தது. அம்மாவுக்குப் பக்கத்து அறையில் இதய நோயாளி ஒருவர் இருந்தார், வாட்டசாட்டமான மனிதர். நெற்றிப் பொட்டு இரண்டும் குழிந்து, தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. காலிலும் வயிற்றிலும் நீர் கோத்திருந்ததால் எடை மட்டும் குறையவே இல்லை. நீர் வடிய மருந்து கொடுத்ததும் சில நாளில் ஏழு கிலோ இறங்கியது. அப்போதுதான் உள்ளே இருந்த உண்மையான மனிதர் எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று தெரிந்தது. எடைக்கருவியும் சில நேரம் ஏமாற்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

"குளுக்கோஸ் ஏறுதே, தெம்பு வந்துடும்" என்ற நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும், நோயாளியின் வீட்டார் அதில்தான் ஏமாறுகிறார்கள். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய 85 கலோரி. இரண்டு இட்லிக்கும் ஈடாகாது. புரதம் சுத்தமாகக் கிடையாது. வெறும் சலைன் என்றால் அது உப்புத் தண்ணீர், கலோரியே இல்லை. நோயுற்ற முதியவருக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 46 கிலோ அம்மாவுக்கு 55 கிராமாவது வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் இரண்டு கிராம் இருந்தால் அதிகம். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் குடித்தாள். கணக்கு உங்களுக்கே தெரியும். ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போனது. அவர்கள் நோயாளிகளும் அல்ல, பட்டினியும் கிடக்கவில்லை.

இதற்கு மேல் டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு டயட் சீட்டு வரும்: உப்பு குறைக்கவும், எண்ணெய் தவிர்க்கவும், கிழங்கு கூடாது, முட்டை மஞ்சள் கூடாது. ஐம்பது வயதுக்காரருக்கு அச்சடித்த சீட்டை எண்பது வயதுக்காரர் கையில் கொடுக்கிறோம். சத்துக் குறைந்த முதியவருக்கு இப்படிப்பட்ட பத்தியங்களைத் தளர்த்த வேண்டும் என்பதுதான் ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டல்.

ஆள் பற்றாக்குறையை நான் மறுக்க மாட்டேன். நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸாக இரவுப் பணி பார்த்தவள் நான். கேஸ் ஷீட்டில் 'எடை' என்ற கட்டத்தில் "நோயாளி நடக்கும் நிலையில் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடியிருக்கிறேன். எத்தனை முறை என்று கணக்கில்லை. ஆனால் அதே இரவில் நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பி.பி. பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன். கேட்டார்கள், செய்தேன். காலை ரவுண்ட்ஸில் எந்தப் பெரிய டாக்டரும் "எடை எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எப்படியாவது பார்த்திருப்போம். நேரம் இல்லாமல் போனதைவிட, கேட்க ஆள் இல்லாமல் போனதே பெரிய காரணம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பேச்சைத் தவறாக எடுத்துக்கொள்வார்கள். விடைபெறும் நிலையிலுள்ள முதியவரின் வாயில் சோற்றைத் திணிக்கச் சொல்லவில்லை. மறதி நோய் முற்றியவருக்கு மூக்கில் குழாய் போட்டு ஊட்டுவதால் ஆயுள் நீள்வதில்லை, அவருக்குத் துன்பம்தான். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், தயமின் கொடுத்துவிட்டுப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். யாருக்குக் கொடுப்பது, யாரை விட்டுவிடுவது, எவ்வளவு வேகமாகக் கொடுப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வதற்கும் முதலில் அளக்கத்தான் வேண்டும்.

இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோருக்கென்று தனிப் பிரிவு 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது, டாக்டர் வி.எஸ்.நடராஜனின் முயற்சியில். இன்று கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இத்தனை செய்த மாநிலம், அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொரு உள்நோயாளிக்கும் சேர்ந்த 24 மணிநேரத்துக்குள் எடையும் இந்த ஆறு கேள்விகளும் கட்டாயம் என்று ஓர் உத்தரவு போடலாம். வாரம் ஒருமுறை எடையை மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஒரு வார்டுக்கு ஒரு நாற்காலி எடைக்கருவி, ஒரு டேப். வீட்டுக்கு வரும் சகோதரிகளின் பையிலும் ஒரு டேப். தனியார் மருத்துவமனைகளைக் கேட்க வேண்டியது நாம்தான்.

அம்மாவுக்குப் பல் செட் வந்த அன்று ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டாள், சாம்பாரில் ஊறவைத்து. மறுநாளிலிருந்து அவித்த முட்டை, பருப்பு மசியல், உளுந்தங்கஞ்சி, தயிர். ஆல்புமின் இரண்டாவது பாட்டில் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும்போது 43 கிலோ. ஐந்து மாதத்தில் 47 ஆனாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறாள்.

உங்கள் வீட்டுப் பெரியவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், முதல் நாளே எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய மாத்திரை நோட்டை எடுத்துக் காட்டி, அப்போது எவ்வளவு இருந்தார் என்று சொல்லுங்கள். தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, ரவுண்ட்ஸில் மருத்துவரிடம் நீட்டுங்கள். பல் செட்டைக் கழற்றிக் கொடுத்தால் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.